இரண்டு முறை ஃபார்மட் செய்தும் என் பெயரில் மெயில் போகிறது. என்ன செய்வது?

மன்னை கணக்கு வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 68 வயது. அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், மன்னார்குடியில் இருக்கிறேன். வீட்டில் இருப்பது மகன் வாங்கிக்கொடுத்த விண்டோஸ் 10 கம்ப்யூட்டர். எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். 212 பேருடைய மெயில் முகவரி என்னிடம் இருக்கிறது. வில்லங்கம் அங்கேதான்.

மூன்று வாரம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி இருக்கும். சிங்கப்பூரிலிருந்து போன். 1998-ல் பிளஸ் டூ முடித்த பையன். "சார், உடம்பு இப்ப எப்படி இருக்கு?" என்றான். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறேன் என்றேன். "ஆபரேஷன்னு மெயில் போட்டிருந்தீங்களே சார்?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வாட்ஸ்அப்பில் அதைப் படம் பிடித்து அனுப்பினான். என் பெயர், என்னுடைய அதே ஜிமெயில் முகவரி, தலைப்பு 'அர்ஜென்ட்'. வயிற்றில் அறுவைச் சிகிச்சை, பேச முடியாத நிலை, வீட்டாரிடம் சொல்ல வேண்டாம், அவசரமாகக் கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்ணை அனுப்பு என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. 34 வருடம் வேலை பார்த்தவன், ஒரு மாணவனிடமும் ஒரு ரூபாய் கேட்டதில்லை. இன்னொரு பையன் 200 சிங்கப்பூர் டாலருக்குக் கார்டு வாங்கி அனுப்பியே விட்டானாம். திருப்பித் தருகிறேன் என்றால் வாங்க மறுக்கிறான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் காட்டினேன். "வைரஸ் சார், ஃபார்மட் அடிச்சிடலாம்" என்றார்கள். 500 ரூபாய். நாலாம் நாள் மறுபடி 30 பேருக்குப் போயிருக்கிறது. திரும்ப ஃபார்மட், கூடவே 900 ரூபாய்க்கு ஆண்டிவைரஸ். போன வெள்ளிக்கிழமை மறுபடியும்!

இன்னொன்றும் நடக்கிறது. 'அர்ஜென்ட்' என்று தலைப்புப் போட்டு, இப்படி வந்தால் நம்பாதீர்கள் என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். ஒருத்தர்கூடப் பதில் போடவில்லை. போனில் கேட்டால் "அன்னைக்கே போட்டேனே சார்" என்கிறார்கள். மற்ற மெயிலெல்லாம் ஒழுங்காக வருகிறது. முடி வளர்க்கும் எண்ணெய் விளம்பரம் மட்டும் தினம் நாலு வருகிறது. என் தலையை நேரில் பார்த்தவன் எவனும் அதை அனுப்பமாட்டான்.

மூன்றாவது ஃபார்மட்டுக்குக் கடைக்காரர் பாதி விலைக்குச் செய்து தருகிறேன் என்கிறார். போகலாமா?


நெட் பொடியன்:

விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போடுங்க சார். வைரஸ் தொல்லையே இருக்காது.


கோவை சர்வர் ரூம்:

கடைக்குப் போகாதீர்கள் சார். நீங்கள் லினக்ஸ் போட்டாலும் புதுக் கம்ப்யூட்டரே வாங்கினாலும் அந்த மெயில் போய்க்கொண்டுதான் இருக்கும்.

பதில் வராத விஷயத்தைக் கடைசியில் சொல்லிவிட்டீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. வைரஸ் இருந்தால் மெயில் போகும், கம்ப்யூட்டர் திணறும். குறிப்பிட்ட மெயிலுக்கான பதில் மட்டும் காணாமல் போகிறது என்றால், உங்கள் ஜிமெயில் கணக்குக்குள் யாரோ உட்கார்ந்து ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். கணக்கு இருப்பது கூகுளின் சர்வரில். மன்னார்குடியில் இருக்கும் பெட்டியை எத்தனை முறை துடைத்தாலும் அங்கே ஒட்டிய அழுக்கு போகாது.

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மேலே வலது பக்கம் பல் சக்கரப் படம் இருக்கும், அதை அழுத்துங்கள். 'சீ ஆல் செட்டிங்ஸ்'. அதில் 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்ட் அட்ரஸஸ்' என்ற பக்கம். (போன் ஆப்பில் இது தெரியாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.) ஃபில்டர் என்றால், வரும் மெயிலை இன்னது செய் என்று முன்கூட்டியே போட்டு வைக்கும் கட்டளை. நீங்கள் போடாத ஃபில்டர் ஏதாவது அங்கே இருக்கிறதா? பக்கத்திலேயே 'ஃபார்வர்டிங்' பக்கத்தையும் பாருங்கள். எதையும் அழித்துவிடாதீர்கள், முதலில் போனில் படம் எடுங்கள். புகார் கொடுக்க வேண்டிவரும்.

அப்புறம் ஒரு கேள்வி. சமீபத்தில் எங்கேயாவது உங்கள் மெயில் பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்தீர்களா? 'மெயில் பெட்டி நிரம்பிவிட்டது', 'பென்ஷன் விவரம் சரிபார்க்க' என்ற மாதிரி ஏதாவது வந்ததா?


மன்னை கணக்கு வாத்தியார்:

தம்பி, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது! கை நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டர் பக்கத்தில் ஒன்றே ஒன்று இருக்கிறது. தலைப்பில் 'அர்ஜென்ட்' என்ற சொல் இருந்தால் இன்னொரு முகவரிக்கு ஃபார்வர்டு செய், பிறகு டெலீட் செய் என்று. அந்த முகவரி என் பெயர்தான், நடுவில் ஓர் 'ஏ' எழுத்து மட்டும் கூடுதல். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்று முறை படித்த பிறகுதான் அந்த 'ஏ' தெரிந்தது. எத்தனையோ சொல் இருக்க, எச்சரிக்கை மெயிலுக்கும் அதே 'அர்ஜென்ட்' என்றா நான் தலைப்பு வைக்க வேண்டும்?

பிறகு டிராஷ் பெட்டியைப் பார்த்தேன். 61 மெயில்கள். எல்லாம் என் பிள்ளைகள் எழுதியவை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு ஒன்பது பேர். எச்சரிக்கை மெயிலுக்கு நன்றி சொல்லிப் பலர். 1987-ல் படித்த ஒருத்தன், வகுப்பில் கடைசி பெஞ்சு, திரிகோணமிதியில் என்னிடம் அடி வாங்காத நாளில்லை. "ரத்தம் தேவைன்னா சொல்லுங்க சார், நான் ஓ பாசிட்டிவ், தஞ்சாவூர்லதான் இருக்கேன், ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்" என்று எழுதியிருக்கிறான். இது 19 நாளாகக் குப்பையில் கிடந்திருக்கிறது.

பாஸ்வேர்டு கேட்டீர்கள். போன மாதம் 'உங்கள் மெயில் பெட்டி 98 சதவீதம் நிரம்பிவிட்டது' என்று ஒன்று வந்தது. சிவப்புப் பட்டனை அழுத்தினால் கூகுள் பக்கம் மாதிரியே வந்தது. பாஸ்வேர்டு கொடுத்தேன். பேத்தி பெயரும் நான் ஓய்வு பெற்ற வருடமும்தான் என் பாஸ்வேர்டு.


கோவை சர்வர் ரூம்:

தம்பி இல்லை சார், 51 வயது அம்மா. ஒரு மில்லில் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் 22 வருடமாக இருக்கிறேன். எங்கள் மில்லிலும் பில் செக்‌ஷன் பையன் ஒருவன் இதே சிவப்புப் பட்டனை அழுத்தியிருக்கிறான். எம்.எஸ்ஸி. படித்தவன். அதனால் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். முதல் மெயில் உங்கள் நிஜ முகவரியிலிருந்து போகிறது, அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. பதில் வந்ததும் ஃபில்டர் அதை அவர்களுக்கு அனுப்பிவிட்டு உங்கள் கண்ணில் படாமல் குப்பையில் போடுகிறது. அதற்கு மேல் 'ஏ' கூடுதலான முகவரியிலிருந்து பேச்சுவார்த்தை. ஜிமெயிலில் டிராஷுக்குப் போனது 30 நாளில் தானாக அழிந்துவிடும். அந்த 61-ஐயும் இன்றைக்கே இன்பாக்ஸுக்கு நகர்த்திவிடுங்கள்.

இப்போது வரிசையாக. முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பேத்தி பெயர் வேண்டாம். சம்பந்தமில்லாத நாலு சொல்லைச் சேர்த்து நீளமாக வையுங்கள், ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்தாலும் பரவாயில்லை. உங்கள் பீரோவைத் திறக்க அவன் மன்னார்குடிக்கு வரப்போவதில்லை. அடுத்து கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பக்கத்தில் 'யுவர் டிவைசஸ்' பாருங்கள், உங்களுடையது அல்லாத எல்லாவற்றையும் சைன் அவுட் செய்யுங்கள். அதே பக்கத்தில், பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்க உதவும் ரெகவரி போன், ரெகவரி மெயில் உங்களுடையவைதானா? பலர் இதை விட்டுவிடுவார்கள், திருடன் ஒரு வாரம் கழித்து அந்த வழியாகவே திரும்ப வருவான். கணக்கோடு இணைத்த ஆப் பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் அதையும் நீக்குங்கள். பிறகுதான் ஃபில்டரையும் ஃபார்வர்டு முகவரியையும் அழிப்பது.

கடைசியாக 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டுவிடுங்கள். பாஸ்வேர்டுக்கு மேல் உங்கள் போனுக்கு வரும் ஓர் எண்ணையும் கேட்கும். பாஸ்வேர்டு மட்டும் வைத்துக்கொண்டு எவனும் உள்ளே வர முடியாது. ஆனால் போனில் வரும் அந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

இதே பாஸ்வேர்டை பேங்கிலோ வேறெங்கோ வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதையும் இன்றே மாற்றுங்கள். புகாருக்கு இங்கே 1930 என்ற எண், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளம். 200 டாலர் போன பையனை சிங்கப்பூரிலேயே போலீஸில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள், அங்கே மோசடி பற்றிக் கேட்க 1799 எண் இருக்கிறது. கிஃப்ட் கார்டு பணம் திரும்புவது அரிது, அதையும் சொல்லிவிடுகிறேன்.


துறைமுகத் தெரு:

வாத்தியார் ஐயா, அம்மா சொன்னது எல்லாம் சரி. கம்ப்யூட்டர் பக்கமும் இரண்டு வார்த்தை சொல்கிறேன். நான் பழைய ஆள்.

2000 மே மாதம் சென்னையில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் இருந்தேன். எங்கள் மேனேஜர் சிரித்தே பார்த்ததில்லை. அவரிடமிருந்து எல்லோருக்கும் 'ஐ லவ் யூ' என்று மெயில். கூடவே காதல் கடிதம் என்று ஓர் இணைப்பு, பெயர் டாட் டிஎக்ஸ்டி என்று முடிந்தது. டெக்ஸ்ட் ஃபைல்தானே என்று நாங்கள் ஏழு பேர் திறந்தோம். திறக்காமல் இருக்க முடியுமா, சொல்லுங்கள்? உண்மையில் அதன் வால் டாட் விபிஎஸ், அதாவது ஓடக்கூடிய நிரல். விண்டோஸ் அந்தக் கடைசி வாலை மறைத்துவிட்டு முன்னால் இருந்த டிஎக்ஸ்டி-யை மட்டும் காட்டியது. திறந்ததும் அட்ரஸ் புக்கில் இருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பியது, ஜேபெக் படங்களின் மேல் தன்னையே எழுதியது. என் தங்கை கல்யாணப் படம் 40 அப்படிப் போனது. எழுதியவர் மணிலாவில் ஒரு மாணவர். அப்போது பிலிப்பைன்ஸில் அதற்குச் சட்டமே இல்லாததால் வழக்கு நிற்கவில்லை.

இந்த வாலை மறைக்கும் பழக்கம் விண்டோஸில் இன்னும் இருக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து 'வியூ' போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதில் டிக் போடுங்கள். அப்புறம் 'பில் டாட் பிடிஎஃப் டாட் ஈஎக்ஸ்ஈ' என்று வந்தால் பல்லிளித்துவிடும். ஈஎக்ஸ்ஈ, ஜேஎஸ், விபிஎஸ், ஐஎஸ்ஓ என்று முடிவதை யார் அனுப்பினாலும் தொடாதீர்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைல், பாஸ்வேர்டும் அதே மெயிலில் என்றால் இன்னும் மோசம். வைரஸ் தேடும் ஸ்கேனர் உள்ளே பார்க்காதபடி பூட்டுவதற்குத்தான் அந்த வேலை.

900 ரூபாய் ஆண்டிவைரஸ் இருந்துவிட்டுப் போகட்டும், புதுப்பிக்க வேண்டாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும். எனக்கு உறுத்துவது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. பெட்டி தாங்குமானால் மகனிடம் சொல்லி 11-க்கு மாறுங்கள். தாங்காவிட்டால் பொடியன் சொன்ன லினக்ஸைக்கூட யோசிக்கலாம், ஆனால் உங்கள் தமிழ்த் தட்டச்சு, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு.

போட்டோ இருந்தால் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, எடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துத் தின்றுவிடும்.


மன்னை கணக்கு வாத்தியார்:

அம்மாவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. வீடியோ காலில் மகனை உட்காரவைத்து எல்லாம் செய்தேன். டிவைசஸ் பட்டியலில் நான் அறியாத கம்ப்யூட்டர் இரண்டு இருந்தன. வெளியேற்றியாயிற்று. ரெகவரி மெயில் இடத்திலும் அந்த 'ஏ' முகவரிதான் உட்கார்ந்திருந்தது. பென்ஷன் வரும் பேங்கிலும் பேத்தி பெயரே இருந்தது, மாற்றிவிட்டேன். 1930-க்கும் போன் செய்து புகார் எண் வாங்கியிருக்கிறேன்.

மகனுக்கு இரண்டு ஃபார்மட் கதை தெரிந்து, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கோபம். திருடனும் அதைத்தானே சொன்னான், வீட்டாரிடம் சொல்லாதே என்று.

எண்ணெய் விளம்பரத்துக்குக் கீழே 'அன்சப்ஸ்கிரைப்' என்று இருக்கிறதே, அழுத்தலாமா?


கோவை சர்வர் ரூம்:

நீங்களே பதிவு செய்த கடை, பத்திரிகை என்றால் அழுத்துங்கள். யாரென்றே தெரியாத எண்ணெய் என்றால் வேண்டாம், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று உறுதி சொன்ன மாதிரி ஆகிவிடும். 'ரிப்போர்ட் ஸ்பேம்' கொடுங்கள், போகப்போகக் குறையும்.

இன்னொன்று சார். சங்க மெயில் அனுப்பும்போது 212 பேரையும் 'டூ' வரியில் போடுகிறீர்களா? அதில் ஒருவர் பெட்டி திருடு போனாலும் மொத்தப் பட்டியலும் போகும். இனிமேல் 'பிசிசி' வரியில் போடுங்கள், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது.


மன்னை கணக்கு வாத்தியார்:

'டூ'வில்தான் போட்டுக்கொண்டிருந்தேன், பத்து வருடமாக. ஓ பாசிட்டிவ் பையனுக்குத் தனியாக ஒரு பதில் எழுதிவிட்டேன். இப்போது எல்லோருக்கும் எழுத உட்கார்ந்திருக்கிறேன், தலைப்பில் 'அர்ஜென்ட்' போடவில்லை. அந்த பிசிசி எங்கே இருக்கிறது அம்மா, கண்ணிலேயே படவில்லையே?


கோவை சர்வர் ரூம்:

'டூ' என்ற இடத்தில் ஒருமுறை கிளிக் செய்யுங்கள் சார். அதே வரியின் வலது ஓரத்தில் சின்னதாகத் தெரியும்.