முதல் குளிர்காலப் பயணம்: காரா, ரயிலா?

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மியூனிக்கிலிருந்து ஆஸ்திரியாவுக்கோ சுவிட்சர்லாந்துக்கோ குடும்பத்தோடு கிளம்ப நினைப்பவர்கள் பெரும்பாலும் பெட்ரோல் செலவையும் பயணச்சீட்டு விலையையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அதற்கு முன்பாகப் பார்க்க வேண்டியது ஓட்டுநர் உரிமம். இந்திய உரிமம் ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு மட்டுமே செல்லும். சர்வதேச அனுமதி கையில் இருந்தாலும் இந்தக் கெடு நீளாது. அதன்பின் எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்விலும் தேறி இங்குள்ள உரிமத்தைப் பெற வேண்டும். மே மாதம் வந்து இறங்கியவருக்கு டிசம்பருக்குள் கெடு முடிந்துவிடும். வாடகைக் கார் நிறுவனத்தார் கேள்வி கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக வண்டியை எடுக்காதீர்கள். செல்லாத உரிமத்துடன் ஓட்டுவது இங்கே குற்றவழக்கு.

உரிமம் சரியாக இருந்தால் அடுத்தது டயர். ஜெர்மனியில் சாலையில் பனியோ உறைபனியோ இருக்கும்போது குளிர்கால டயர் கட்டாயம். 2024 அக்டோபர் 1 முதல், மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் பொறித்த குறி டயரின் பக்கவாட்டில் இருந்தால்தான் ஏற்பார்கள். பழைய டயர்களில் உள்ள எம் பிளஸ் எஸ் (M+S) எழுத்து மட்டும் போதாது. பழைய கார் வாங்கியவர்கள் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுவது நல்லது. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை இதே போன்ற விதி இருக்கிறது, டயரின் வரிப்பள்ளம் குறைந்தது 4 மி.மீ. இருக்க வேண்டும். நெடுஞ்சாலைக் கட்டண வில்லையான விக்னெட் ஆஸ்திரியாவில் ஒரு நாளைக்குக்கூடக் கிடைக்கும்; சுவிட்சர்லாந்திலோ மூன்று நாள் பயணத்துக்கும் 40 பிராங்க் கொடுத்து ஆண்டு விக்னெட்தான் வாங்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும், பனியில் ஓட்டிப் பழகாதவருக்கு முதல் குளிர்காலத்தில் ரயிலையே பரிந்துரைப்பேன். இரவு முழுதும் வெளியில் நின்ற காரின் கண்ணாடியை முழுவதுமாகச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல், எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிறு வட்டம் மட்டும் தேய்த்துவிட்டுக் கிளம்பினால் அபராதம் உண்டு. கண்ணாடி கழுவும் தொட்டியில் வெறும் தண்ணீர் இருந்தால் அது உறைந்திருக்கும்; முன்னால் போகும் லாரி வாரியடிக்கும் உப்புச்சேறு கண்ணாடியில் படியும்போது வைப்பர் அதை இன்னும் அழகாகப் பூசிவிடும், அவ்வளவுதான். மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் திரும்பி வரும் பயணம் பெரும்பாலும் இருளில்தான் அமையும். விடுமுறைச் சனிக்கிழமைகளில் சால்ஸ்பர்க் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்து போவதும் வழக்கம்.

ரயிலில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜெர்மன் ரயில்களின் தாமதம் ஊரறிந்தது. ஆகவே குழந்தை வண்டியும் பெட்டிகளுமாகப் போகிறவர்கள் எட்டு நிமிட இடைவெளியில் ரயில் மாறும் திட்டத்தை நம்ப வேண்டாம், அரை மணி நேரமாவது விடுங்கள். தாமதம் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் கட்டணத்தில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் 50 விழுக்காடும் கேட்டுப் பெறலாம். ஆஸ்திரிய எல்லையோர ஊர்களான சால்ஸ்பர்க் வரையிலும் குஃப்ஸ்டைன் வரையிலும் உள்ளூர் ரயில்களில், ஜெர்மனி முழுவதற்குமான மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட்டே செல்லும். ஆனால் ஆறு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு அதில் இலவசம் கிடையாது. அதனால் குடும்பமாகப் போகும்போது பவேரியா மாநிலத்துக்கான ஒரு நாள் சீட்டான பயர்ன் டிக்கெட்டின் விலையையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வேலை நாட்களில் அது காலை ஒன்பது மணிக்குப் பிறகே செல்லும்.

சில இடங்களில் எதில் போவது என்று யோசிக்கவே தேவையில்லை. சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊருக்குள் வெளியார் கார் போக முடியாது. டெஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு 12 நிமிடம் ரயிலில்தான் போக வேண்டும், ஆக நிறுத்தக் கட்டணமும் ரயில் கட்டணமும் சேர்ந்து விழும். ஆஸ்திரியாவின் ஏரிக்கரை ஊரான ஹால்ஸ்டாட்டின் ரயில் நிலையம் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது. ரயில் நேரத்தை ஒட்டிப் படகு வரும். சுவிட்சர்லாந்தின் ஃபூர்கா கணவாய்ச் சாலை குளிர்காலத்தில் மூடப்பட்டிருக்கும் என்பதால், அங்கே காரையே ரயிலில் ஏற்றித்தான் மலையைக் கடக்கிறார்கள்!

பேருந்து அரிதாக வரும் பள்ளத்தாக்கில் வீடு எடுத்திருந்தாலோ, ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் மாமியாருக்கு மூட்டுவலி இருந்தாலோ, குக்கரும் அரிசியுமாகச் சமையலறையையே தூக்கிப்போகும் குடும்பமாக இருந்தாலோ கார் தேவைப்படலாம். அப்போதும் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் வரை ரயிலில் போய், வானிலை பார்த்து அங்கே ஓரிரு நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. குழந்தை இருக்கையை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யுங்கள். காரோ ரயிலோ, ஜெர்மனிக்குத் திரும்பும்போது எல்லையில் சோதனை இருக்கலாம். கடவுச்சீட்டையும் வசிப்பிட அட்டையையும் அசலாகவே கையில் வைத்திருங்கள், கைப்பேசியில் உள்ள படத்தை நம்பிப் போகாதீர்கள்.