மணல்ல நிழல் தெரிஞ்சுது, ஜெல்லி மீனைக் காணோம்: உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?

அலைத்தடம்:
ரொம்ப நாளா மனசுல கிடக்குது, அதான் எழுதறேன். இடுப்பளவு தண்ணி, உச்சி வெயில். நீச்சல் கண்ணாடியோட அடிமணலைப் பாத்துக்கிட்டே போறேன். மணல் மேல ஒரு நிழல் நகருது. சதுரமா இருக்கு, மூலைங்கள்லேருந்து கோடு கோடா பின்னாடி இழுபடுது. நிமிர்ந்து தண்ணிக்குள்ள பாத்தா ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் உத்துப் பாத்த பிறகுதான் விளிம்புல மட்டும் லேசான பளபளப்பு. மத்த சொறியெல்லாம் (ஜெல்லி மீனுங்க) நீரோட்டம் தள்ளற பக்கம் போகும். இது எதிர்த்து நீந்தி வந்துச்சு. என் காலுக்கு ஒரு முழம் இருக்கறப்ப சட்டுனு வளைஞ்சு விலகிப் போயிடுச்சு. என்னைப் பாத்துத்தான் திரும்புச்சா? இதுதான் என்னை இன்னும் விடல.

பாசிக்கல்:
பாத்துத்தான் திரும்பியிருக்கும். சதுரம்னா அது பெட்டி ஜெல்லியா இருக்கும். அதோட குடை மாதிரி உடம்புல நாலு பக்கத்துலயும் கண் கொத்து உண்டு. கொத்துக்கு 6 கண், மொத்தம் 24. அதுல சிலதுல லென்ஸே இருக்கு. அலையாத்தி வேருக்கு நடுவுல வாழற டிரிப்பிடேலியான்னு ஒரு குட்டி இனம், மோதி மோதி அனுபவப்பட்டு அப்புறம் விலகக் கத்துக்குதுன்னு 2023ல ஆய்வே வந்துச்சு. இத்தனைக்கும் நடுவுல மூளைன்னு ஒண்ணு அதுக்குக் கிடையாது. நான் ஒரே ஒரு தடவை, ராத்திரி படகுத்துறை விளக்கு வெளிச்சத்துல பெட்டி ஜெல்லி பாத்தேன். வெளிச்சம் விழற வட்டத்துக்குள்ளயே சுத்திச் சுத்தி வந்துச்சு. இறங்கலாம்னு காலை நீட்டினவன் அப்படியே இழுத்துக்கிட்டேன்.

சேத்துநண்டு:
அலையாத்தின்னதும் என் கதை ஞாபகம் வந்துருச்சு. முழங்கால் ஆழம், கலங்காத தண்ணி. அடியில பழுப்பும் பச்சையுமா தட்டுத் தட்டா ஏதோ கிடக்கு. பாசின்னு நினைச்சா எல்லாம் சுருங்கி விரியுது! தலைகீழ் ஜெல்லி, காசியோபியா. குடையை மண்ணுல பதிச்சு, கைகளை வெயிலுக்கு விரிச்சு வெச்சிருக்கும். உடம்புக்குள்ள குடியிருக்கற நுண்பாசிக்கு வெளிச்சம் வேணும், அது செய்யற உணவுல பெரும்பங்கு ஜெல்லிக்கு. நான் எதையும் தொடல, மேலாப்புல மிதந்துதான் பாத்தேன். கொஞ்ச நேரத்துல உதடு, கழுத்தெல்லாம் சுருசுருன்னு அரிப்பு. எதுவும் படாம எப்படி கொட்டும்னு கூட வந்தவங்க யாருமே நம்பல. அது விடற சளியில கொட்டும் செல்லைச் சுமந்த நுண்ணிய உருண்டைங்க தனியா நீந்துதுன்னு 2020லதான் எழுதினாங்க. அதைப் படிச்ச அன்னைக்குத்தான் மனசு ஆறுச்சு.

வலைக்கயிறு:
முதல் பதிவு போட்டவர் பெட்டி ஜெல்லிதான்னு முடிவு கட்டிராதீங்க. நிலா ஜெல்லிக்கும் நடுவுல நாலு லாட வளையம் உண்டு. ஆடற தண்ணியில நிழல் எப்படி வேணாலும் விழும். நிழலை வெச்சு இனம் சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன்.

நான் கண்ணால பாத்தது ஒரு பெரிய குடைச்சொறி. அடியில பாரைக்குஞ்சுங்க ஒதுங்கி நின்னுச்சு, சொறி துடிக்கத் துடிக்க அதுங்களும் கூடவே நகர்ந்துச்சு.

இனம் தெரியணும்னா தண்ணிக்குள்ள இருக்கறப்பவே பாருங்க. வெளிய எடுத்தா எல்லாமே குழைஞ்ச கூழ்தான். மேலேருந்து ஒரு படம் போதாது, பக்கவாட்டுல ஒண்ணு, அடியில ஒண்ணு கட்டாயம். முதல்ல குடை விளிம்பு: இழைங்க சுத்திலும் இருக்கா, மூலையில மட்டுமா, இல்லவே இல்லையா? இல்லேன்னா பெரும்பாலும் வேர்வாய்ச் சொறி வகை. அடுத்து குடைக்கு அடியில வாயிலேருந்து தொங்கற வாய்க்கைகளை எண்ணுங்க, வேர்வாய்ச் சொறிக்கு 8, நிலா ஜெல்லிக்கு 4. நிறத்தை நம்பாதீங்க, ஒரே இனத்துலயே மாறும். வாளியில விட்டுப் படம் எடுக்கறதா இருந்தா பின்னாடி கறுப்புத் துணி வைங்க, கையுறை இல்லாம தொடாதீங்க. பாதுகாக்கணும்னா நீர்த்த ஃபார்மலின், சாராயத்துல போட்டா சுருங்கிப் போயிடும். பெருசுதான் ஆபத்துன்னு மட்டும் நினைக்காதீங்க. இருகாஞ்சின்னு ஒரு குட்டிப் பெட்டி ஜெல்லி, அதோட குடை விரல் நகம் அளவுதான். 1961ல ஆஸ்திரேலியாவுல ஜாக் பார்ன்ஸ்ங்கற மருத்துவர் அதைப் பிடிச்சுத் தன் மேலயும், சின்னப் பையனான தன் மகன் மேலயும், ஒரு உயிர்காப்பாளர் மேலயும் கொட்ட வெச்சுப் பாத்தார். மூணு பேரும் ஆஸ்பத்திரியிலதான் போய் நின்னாங்க.

இரவுமுக்குளி:
இவ்வளவு நீளமா யாரும் கேக்கலையே வலைக்கயிறு. என் அனுபவம் சின்னது. ராத்திரி முக்குளிக்கறப்ப டார்ச் பட்டதும் முட்டை வடிவத்துல ஒண்ணு, உடம்பு நெடுக வானவில் கோடு ஓடுது. அது தானா ஒளிர்றது இல்ல, 8 வரிசை மயிரிழைங்க அசையறப்ப வெளிச்சம் சிதறுது. சீப்பு ஜெல்லி. ஜெல்லின்னு பேரு இருந்தாலும் வேற உயிரினக் கூட்டம், கொட்டும் செல் கிடையாது. கூட வந்தவர் பயந்து மேல ஏறிட்டார், எனக்கு விட்டுட்டு வர மனசே இல்ல.

அலைத்தடம்:
வலைக்கயிறுக்கு: நிலா ஜெல்லி எனக்கு நல்லாத் தெரியும், வட்டமா மெதுவாத்தான் போகும். இது நாலு மூலை. மூலைக்கு ஒரு இழை இல்ல, கத்தை கத்தையா நாடா மாதிரி தட்டையா இருந்துச்சு. விலகித் திரும்பறப்ப ரெண்டு கத்தையை நல்லாவே பாத்தேன்.

பாசிக்கல்:
கத்தைன்னா விஷயம் முடிஞ்சுது. பெட்டி ஜெல்லியிலயே ரெண்டு பிரிவு: மூலைக்கு ஒரே இழைன்னா காரிப்டியா பக்கம், பல இழைன்னா கைரோனெக்ஸ் இருக்கற கைரோட்ராப்பிடு கூட்டம். படம் இல்லாம இனம் வரைக்கும் போக முடியாது. அந்த இடத்துல மறுபடி இறங்கினா உடம்பு முழுக்க மூடற உடுப்போட இறங்குங்க, கரையில வினிகர் இருக்கட்டும். அது வலியைக் குறைக்காது, இன்னும் வெடிக்காத கொட்டும் செல்லை மட்டும் அடக்கும். நல்ல தண்ணியை ஊத்தவே கூடாது, மிச்சம் இருக்கறதும் வெடிச்சிரும். மூச்சு திணறினா, நினைவு தப்பினா வினிகருக்காகக் காத்திருக்காம அவசர உதவியைக் கூப்பிடுங்க, மூச்சு நின்னா உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பிங்க.

சேத்துநண்டு:
நீலக்குமிழிக்கும் (ப்ளூ பாட்டில், கடல் மேல மிதக்குமே) வினிகர்தானா? வெந்நீர்னு படிச்சிருக்கேன்.

பாசிக்கல்:
அதுல ஆய்வாளர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. ஆஸ்திரேலியாவுல இழையை எடுத்துட்டு, தோல் பொறுக்கற சூட்டுல, 45 டிகிரி செல்சியஸுக்கு மேல போகாம, 20 நிமிஷம் வெந்நீர்ங்கறாங்க. எது கொட்டுச்சுன்னு முதல்ல தெரியணும், அதுக்குத்தான் இழை எங்கேருந்து கிளம்புதுன்னு பாக்கச் சொல்றோம்.