காட்பாடி வீட்டு மடிக்கணினிக்கு விண்டோஸ் 11 வேண்டுமா?

குழு: நம் குடும்பம்
17 மே, ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா, காலை 6.51
அனைவருக்கும் வணக்கம். இன்று விடியற்காலையில் மடிக்கணினியைத் திறந்தபோது, விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது என்றும், விண்டோஸ் 11க்கு மாறும் தகுதி இந்தக் கணினிக்கு இல்லை என்றும் திரை நிறைய ஓர் அறிவிப்பு வந்து நின்றது. படம் எடுத்து மேலே போட்டிருக்கிறேன். 2017இல் நான் பணி ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கிய கணினி. இப்போது அதற்கும் ஓய்வு கொடுக்கச் சொல்கிறார்கள் போலிருக்கிறது. நம் ஊரைப் பற்றி ஒன்பது ஆண்டுகளாக நான் தட்டச்சு செய்த குறிப்புகளும், மருமகள் பார்க்கும் கடைக் கணக்குகளும் அதில்தான் இருக்கின்றன. இது திடீரென்று நின்றுவிடுமா, புதிதாக ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டுமா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வழக்கம்போல முழு வாக்கியத்தில் எழுதுங்கள். கட்டை விரலை மட்டும் காட்டிவிட்டுப் போகாதீர்கள்.

குடியாத்தம் மாமா, காலை 7.08
மச்சான், இதற்கெல்லாம் புது லேப்டாப் வாங்க வேண்டாம். எங்கள் கடைத்தெருவில் ஒரு பையன் எவ்வளவு பழைய லேப்டாப்பாக இருந்தாலும் 11ஐ ஏற்றிக் கொடுத்துவிடுகிறான். 500 ரூபாய்தான் வாங்குகிறான். என் மகனுடைய லேப்டாப்பிலும் அவன்தான் ஏற்றினான், இன்றைக்கு வரைக்கும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கொடுத்து அனுப்புங்கள், இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

அண்ணி, காலை 7.15
மாமா, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், எந்தக் கடையிலும் கொடுத்துவிடாதீர்கள். மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு கடையில் வேகமாக்கித் தருகிறோம் என்று வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் டி டிரைவையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். அந்த வருடத்துக் கொள்முதல் பில் ஒவ்வொன்றையும் சரக்குக் கொடுத்தவர்களிடம் மறுபடி கேட்டு வாங்கி, இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து டேலி கணக்கு மென்பொருளில் ஏற்றியவள் நான். தம்பி எழுந்ததும் பார்த்துச் சொல்லட்டும்.

நான், காலை 7.40
எழுந்துவிட்டேன் அண்ணி. பெரியப்பா, ஸ்டார்ட் பட்டனை அழுத்தி "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தட்டினால் ஒரு பட்டியல் திறக்கும். அதில் பிராசஸர் என்ற வரியை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள். பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் என்ற பக்கத்தில் டிஸ்க் என்பதற்குக் கீழே பழைய வகை வட்டான எச்டிடி என்று இருக்கிறதா, வேகமான புது வகையான எஸ்எஸ்டி என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

பெரியப்பா, காலை 8.02
பிராசஸர் ஐ5-7200யு. நினைவகம் 8 ஜிபி. வட்டு 1 டிபி, எச்டிடி. நான் எதையும் திறக்காமல் சும்மா இருக்கும்போதே வட்டு 100 சதவீதம் வேலை செய்கிறது என்று காட்டுகிறது. அது என்ன வேலை செய்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

நான், காலை 8.26
முதலில் பயத்தை விட்டுவிடுங்கள் பெரியப்பா, கணினி நிற்காது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14உடன் ஆதரவை முடித்துக்கொண்டது. அதற்குப் பொருள், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை இனி அவர்கள் தாமாக அடைத்துத் தர மாட்டார்கள் என்பதுதான். பூட்டு அதே இடத்தில் தொங்கும், ஆனால் கள்ளச்சாவி வந்தால் பூட்டை மாற்ற ஆள் இருக்காது.

தகுதி இல்லை என்று சொல்வதற்குக் காரணம் அந்த எண்ணிலேயே இருக்கிறது. 7200 என்பதில் முதலில் நிற்கும் 7, அது இன்டெலின் ஏழாம் தலைமுறை என்பதைக் குறிக்கும். 11 கேட்கும் மற்றவை எல்லாம், அதாவது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இடம், திறக்கும்போதே கணினியைச் சரிபார்க்கும் செக்யூர் பூட், சாவிகளைக் காத்து வைக்கும் டிபிஎம் 2.0 என்ற சில்லு, இவையெல்லாம் உங்கள் கணினியில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் பிராசஸர் விஷயத்தில், ஏழாம் தலைமுறையில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறார்கள். நீங்கள் வாங்கிய அதே 2017இன் பிற்பாதியில் வந்த எட்டாம் தலைமுறை 8250யு கிடைத்திருந்தால் இன்று இந்தப் பேச்சே எழுந்திருக்காது. சில மாதங்களில் தவறிப்போயிற்று.

குடியாத்தம் மாமா, காலை 8.41
தம்பி, தகுதி இல்லை என்கிறாயே, பையன் ஏற்றிக் காட்டியிருக்கிறானே? என் மகன் லேப்டாப் அதைவிடப் பழையது.

நான், காலை 9.05
ஏற்ற முடியும் மாமா, அதை நான் மறுக்கவில்லை. சரிபார்க்கும் இடத்தைத் தாண்டிப்போகும்படி பென்டிரைவைத் தயார் செய்தால் 11 உள்ளே போய்விடும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்ற உரிமை கிடையாது என்று மைக்ரோசாப்டே எழுதி வைத்திருக்கிறது. இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: 11க்கு வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது, வீட்டு உபயோகக் கணினிகளில் ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாதங்கள்தான் ஆயுள். தகுதியுள்ள கணினி தானாக அடுத்த பதிப்புக்குப் போய்விடும். தகுதியில்லாததில் அடுத்த பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் பையனையே தேடிப்போக வேண்டும். 500 ரூபாயோடு முடிகிற கணக்கு இல்லை இது.

பெரியப்பா, காலை 9.12
அப்படியானால் 10ஐயே எதுவும் செய்யாமல் வைத்துக்கொண்டால் என்ன? வங்கி வேலையெல்லாம் நான் கைப்பேசியில்தான் செய்கிறேன்.

அண்ணி, காலை 9.16
நீங்கள் செய்யவில்லை மாமா, ஆனால் நான் அதில்தான் ஜிஎஸ்டி தளத்தைத் திறக்கிறேன், சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பணம் அனுப்புகிறேன். யார் யாரோ அனுப்பும் பில்களை மின்னஞ்சலில் இருந்து இறக்குகிறேன்.

நான், காலை 9.33
அண்ணி சொல்வதுதான் இதில் முக்கியம். 2017 மே 12ஆம் தேதி வானாக்ரை என்ற தீய நிரல் ஒன்று சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கிறதா? பக்கத்து ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகள் சிலவும் அதில் மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் அதற்கு இரண்டு மாதங்கள் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்ட கணினிகள்தான் அகப்பட்டன. நமக்கோ பேட்சே வராது என்ற நிலை. ஊர்க் குறிப்புகளும் கடைக் கணக்கும் ஒரே வட்டில் இருக்க, அதற்கு நகலும் இல்லாமல், இப்படியே ஓட்டலாம் என்று என்னால் சொல்ல முடியாது.

சத்துவாச்சாரி தங்கை, காலை 9.50
அண்ணா, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் என்ன? பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் எனக்குக் கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸ் ஒரு பக்கமும், மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஒரு பக்கமும் இருந்தன. அந்தப் பாஸ் பக்கத்தை நாங்கள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் போன வருடம் அதிலேயே லினக்ஸ் மின்ட் என்ற வகையைப் போட்டேன். குப்பைக்குப் போக இருந்தது, இப்போது பாப்பா அதில்தான் பாடம் பார்க்கிறாள். பெரியப்பா தட்டச்சு மட்டும்தானே செய்கிறார்?

பெரியப்பா, காலை 10.04
தட்டச்சுதான், ஆனால் பழைய பாமினி எழுத்துருவில். வேறொரு கணினியில் என் கோப்பைத் திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. கடந்த பொங்கலுக்கு ஆரணி அத்தை வீட்டுக் கணினியில் திறந்து பார்த்து, ஒன்பது வருட உழைப்பும் போயிற்று என்று எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

நான், காலை 10.18
அது போகவில்லை பெரியப்பா. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எழுத்துருக் கோப்பை அந்தக் கணினியிலும் போட்டால் தமிழ் திரும்பி வந்துவிடும். லினக்ஸிலும் அதே எழுத்துரு வேலை செய்யும், தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. எப்படியும் அந்தக் குறிப்புகளை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றியே ஆக வேண்டும், அதை நான் தனியாக உட்கார்ந்து செய்து தருகிறேன்.

உங்களுக்கு மட்டும் என்றால் தங்கை சொன்ன மின்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவேன். இடிக்கிற இடம் டேலி. அது விண்டோஸுக்கானது, லினக்ஸில் சுற்றி வளைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மாதக் கணக்கு முடிக்கும் இரவில் அது முரண்டு பிடித்தால் அண்ணிக்கு யார் பதில் சொல்வது? அண்ணி, ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகுகிறீர்களா?

அண்ணி, காலை 10.25
இல்லை தம்பி, அது கம்பெனிகளுக்குத்தான் கட்டாயம். நம் கடை தனி உரிமையாளர் பெயரில் இருப்பதால் கைப்பேசிக்கு வரும் ஓடிபியே போதும். டேலிதான் எனக்குக் கை. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான், காலை 10.52
அப்படியானால் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 11ஐ இந்தக் கணினியில் திணிக்க வேண்டாம், லினக்ஸும் இப்போது வேண்டாம், 10ஐயே வைத்துக்கொள்வோம், ஆனால் வெறுமனே அல்ல. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் நீட்டித்துத் தரும் ஏற்பாடு ஒன்றை மைக்ரோசாப்ட் வைத்திருக்கிறது. விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 ஆக இருக்க வேண்டும், மைக்ரோசாப்ட் கணக்கில் உள்ளே நுழைந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் கணினியின் அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்தால் பணம் கிடையாது, இல்லாவிட்டால் 30 டாலர். நம்மிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை, சம்மதிப்போம். புது வசதி எதுவும் வராது, ஓட்டையை அடைக்கும் பேட்ச் மட்டும் வரும்.

இன்னொன்று. பெரியப்பாவின் வட்டு சும்மா இருக்கும்போதே 100 சதவீதம் காட்டுகிறதே, கணினி மெதுவாக இருப்பதற்கு அதுதான் காரணம், வயதோ விண்டோஸோ அல்ல. உள்ளே தட்டு சுழன்று முள் தேடிப் படிக்கும் பழைய ஹார்ட் டிஸ்க் அது. அதை எடுத்துவிட்டு 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, இருப்பதை அப்படியே நகல் எடுத்துவிட்டால், புது லேப்டாப் வாங்கும் யோசனையை அக்டோபர் வரைக்கும் தள்ளிப்போடலாம். கழற்றிய பழைய டிஸ்கைத் தொடாமல் பீரோவில் வைத்துவிடுவோம். இதுவரை இல்லாத நகலும் அதுவே ஆயிற்று.

அண்ணி, காலை 11.03
சம்மதம். ஆனால் 20ஆம் தேதி 3பி என்ற ஜிஎஸ்டி கணக்கைக் கட்டி முடிக்கும் வரை அதை யாரும் தொடக்கூடாது. டேலி லைசென்ஸை முதலில் சரண்டர் செய்து, அதாவது இந்தக் கணினியிலிருந்து விடுவித்துவிட்டுத்தான் டிஸ்கைக் கழற்ற வேண்டும், அதை நானே என் கையால் செய்வேன்.

பெரியப்பா, காலை 11.06
24ஆம் தேதி ஞாயிறு காலையில் வா, தம்பி. வெயில் ஏறுவதற்குள் காட்பாடி வந்து சேர்.

24 மே, ஞாயிற்றுக்கிழமை

நான், பகல் 12.48
படம் அனுப்பியிருக்கிறேன், எல்லோரும் பாருங்கள். பின்பக்கத்து மூடியைத் திறந்தால் மின்விசிறியின் இறக்கைகளே தெரியவில்லை; நீலமும் பச்சையுமாகப் பஞ்சு மெத்தை போல அடைத்துக்கொண்டிருந்தது. கடைக்குக் கொண்டுபோகும் நாட்களில் லுங்கிக் கட்டுகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள். இந்தக் கத்திரி வெயிலில் அது எப்படி மூச்சு விட்டதோ தெரியவில்லை. குடியாத்தம் மாமா, உங்கள் ஊர்ச் சரக்குதான், நிறம் மங்கவே இல்லை.

பெரியப்பா, மாலை 4.20
கணினி இப்போது அரை நிமிடத்துக்குள் திறந்துவிடுகிறது. முன்பெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டுக் காபி குடித்து, செய்தித்தாளில் ஒரு பக்கம் படித்துவிட்டு வந்து உட்காருவேன். ஆனால் பாதுகாப்பு நீட்டிப்பு இன்னும் பதிவாகவில்லை. மைக்ரோசாப்ட் கணக்கின் கடவுச்சொல் எனக்கு மறந்துவிட்டது.

நான், மாலை 4.24
ஒரு நாள் முழுக்க டிஸ்க், டேலி, பஞ்சு எல்லாவற்றையும் கடந்து வந்து இதில் நிற்கிறோம். மீட்புக் குறியீட்டை 46இல் முடியும் ஒரு பழைய எண்ணுக்கு அனுப்புகிறது, அந்த எண் யாரிடம் இருக்கிறது?

அண்ணி, மாலை 4.31
அது லாங்கு பஜார் கடைக் கல்லாவில் இருக்கும் பட்டன் போனின் எண். கடைப் பையனை அழைத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பெரியப்பா, மாலை 4.52
பதிவாகிவிட்டது. கடவுச்சொல்லை நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன், எந்த நாட்குறிப்பு என்பதை இங்கே சொல்ல மாட்டேன்.

குடியாத்தம் மாமா, இரவு 8.10
தம்பி, நீ சொன்னதைக் கேட்டு மகன் லேப்டாப்பில் என்ன பதிப்பு இருக்கிறது என்று பார்த்தேன். விண்டோஸ் 11 ஹோம், 23எச்2 என்று காட்டுகிறது. நன்றாகத்தானே இருக்கிறது?

நான், இரவு 8.14
மாமா, ஹோமில் அந்தப் பதிப்புக்கு 2025 நவம்பர் 11உடனே அப்டேட் நின்றுவிட்டது. ஆறு மாதமாக அதற்கு எதுவும் வரவில்லை. இன்று மாலையிலிருந்து பெரியப்பாவின் 10தான் அதைவிடப் பாதுகாப்பானது.

குடியாத்தம் மாமா, இரவு 8.31
அடுத்த ஞாயிறு குடியாத்தம் வருகிறாயா? மதியச் சாப்பாடு இங்கேதான்.

நான், இரவு 8.33
வருகிறேன் மாமா. அதற்குள் அவன் படங்களையும் கல்லூரிக் கோப்புகளையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பையனிடம் கொடுத்து எடுக்கச் சொல்லாதீர்கள், அவனே எடுக்கட்டும்.