லாப்ரடாருக்கு மறுபடியும் காதில் வாடை: பழைய சொட்டு மருந்தையே விடலாமா?

தூத்துக்குடி ஜெயா:

வணக்கம். எங்கள் ஜூலி 4 வயது லாப்ரடார். இந்த வாரம் முழுக்கத் தலையை உதறிக்கொண்டே இருக்கிறாள். வலது காதைப் பின்னங்காலால் சொறிகிறாள், சோபா ஓரத்தில் தேய்க்கிறாள். மடலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சிவந்து, பழுப்பாகப் பிசுபிசுவென்று அழுக்கு. புளித்த வாடை. போன ஐப்பசி மழையிலும் இதே மாதிரி வந்து, டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தில் சரியானது. அதில் பாதி மீதம் இருக்கிறது. அதையே விடலாமா? அம்மா பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி விடச் சொல்கிறார்கள். நாளை மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போக முடியும்.

கோவை பிரபு:

இரண்டும் வேண்டாம் சகோ. எண்ணெய் போனால் அழுக்கு இன்னும் உள்ளே தேங்கும். டாக்டர் பார்க்கும்வரை துடைக்கக்கூட வேண்டாம், அந்த அழுக்கில்தான் அவர் சாம்பிள் எடுப்பார். சொறிந்து புண்ணாக்காமல் இருக்க, கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு இருந்தால் மாட்டிவிடுங்கள்.

நாகர்கோவில் மேரி:

ஜெயா, பிரபு தம்பி சொன்னது சரி. பழைய மருந்து ஏன் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாயின் காதுத் துவாரம் ‘ட’ எழுத்தைப் போலக் கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கம் திரும்பும். செவிப்பறை அந்தத் திருப்பத்துக்கு அப்பால் இருக்கிறது. நாம் டார்ச் அடித்தாலும் தெரியாது, டாக்டர் ஓட்டோஸ்கோப் வைத்துத்தான் பார்க்க வேண்டும். செவிப்பறை கிழிந்திருக்கும்போது ஜென்டாமைசின், நியோமைசின் மாதிரி மருந்துகள் உள்ளே இறங்கினால் காது கேளாமல் போகலாம், நடை தடுமாறலாம். போன வருஷம் செவிப்பறை நன்றாக இருந்தது என்றால் அது போன வருஷத்தோடு சரி.

கிருமியும் அதேதானா என்று பார்க்க வேண்டும். பழுப்பு அழுக்கு, புளித்த வாடை என்றால் பெரும்பாலும் மலாசீசியா என்கிற ஈஸ்ட். மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வந்து, தொட்டாலே கத்தினால் பாக்டீரியாவாக இருக்கலாம். அதில் சூடோமோனாஸ் லேசில் போகாது, எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்று கல்ச்சர் டெஸ்ட் செய்ய வேண்டிவரும். இரண்டும் கலந்தும் வரும். கொஞ்சம் அழுக்கை ஸ்லைடில் தடவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது சில நிமிஷ வேலை. டாக்டர் செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ, நடக்கும்போது விழுந்தாலோ, கருவிழி இப்படியும் அப்படியும் ஆடினாலோ நாளை மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். நோய் உள்காதுவரை போயிருக்கலாம். மடல் திடீரென்று உப்பினாலும் அப்படித்தான், உதறி உதறி உள்ளே ரத்தம் கட்டியிருக்கும்.

அப்புறம், நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். திரும்பத் திரும்ப வருகிறது என்றால் காதை மட்டும் பார்த்துப் பயனில்லை. எங்கள் காக்கர் ஸ்பேனியல் ராஜாவுக்குக் காது ஆறும், மறுபடி வரும். ஒருமுறை டாக்டர் அவன் முன்னங்காலைத் தூக்கி விரல் இடுக்கைக் காட்டினார். வெள்ளை முடியெல்லாம் துரு நிறம். நக்கி நக்கி எச்சில் கறை ஏறியிருந்தது. அலர்ஜிதான் மூலம், அது காதிலும் தெரிந்தது, காலிலும் தெரிந்தது. ஜூலி பாதத்தை நக்குகிறாளா, அக்குளும் அடிவயிறும் சிவந்திருக்கிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

மதுரை சரவணன்:

நான் வளர்ப்பது சிப்பிப்பாறை. லாப்ரடார் மாதிரி கனமான தொங்கு காது இல்லாததால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் உண்ணி மடல் மடிப்பில்தான் போய் ஒளியும், அதையும் பாருங்கள். குட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: இரண்டு காதிலும் காபித்தூள் மாதிரி கறுப்பாக உதிர்ந்தால் அது காதுச் சிற்றுண்ணியாக இருக்கலாம். வீட்டில் உள்ள மற்ற நாய், பூனைக்கும் ஒட்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடி ஜெயா:

டாக்டரிடம் காட்டிவிட்டோம். ஈஸ்ட்தான். செவிப்பறை நன்றாக இருக்கிறது. காது கழுவும் மருந்தும் புது சொட்டு மருந்தும் கொடுத்தார், 2 வாரம் விட்டுத் திரும்ப வரச் சொன்னார். மேரி அக்கா, பாதத்தைக் காட்டினேன். சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார். ஆனால் பாட்டிலைக் கண்டாலே ஜூலி கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். எப்படித்தான் கழுவுவது?

நாகர்கோவில் மேரி:

மனசு நிம்மதியாச்சு ஜெயா. கழுவும் மருந்தைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வையுங்கள், சில்லென்று விழுந்தால் யாருக்கும் பிடிக்காது. சுவரோரமாக உட்கார வைத்து, மடலை மேலே இழுத்துப் பிடித்து, துவாரம் நிறைய ஊற்றுங்கள். பாட்டில் முனை காதில் படக் கூடாது. மடலை விடாமல், காதுக்குக் கீழே கெட்டியாகத் தட்டுப்படும் இடத்தை அரை நிமிஷம் பிசைந்துவிடுங்கள். சளக் சளக்கென்று சத்தம் கேட்டால் மருந்து இறங்கிவிட்டது. கையை எடுத்துத் தள்ளி நில்லுங்கள், உதறுவாள். ஆழத்து அழுக்கு அந்த உதறலில்தான் மேலே வரும். விரலில் பஞ்சைச் சுற்றி, விரல் போகிற மட்டும் துடைத்தால் போதும். பட்ஸ் வேண்டவே வேண்டாம், அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும். கொஞ்சம் உலர்ந்த பிறகு சொட்டு மருந்து. முடிந்ததும் ஏதாவது தின்னக் கொடுத்துக் கொஞ்சுங்கள்.

வாடை சில நாளிலேயே போய்விடும், அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் மறுபடி ஸ்லைடு பார்த்துச் சொன்னபிறகு நிறுத்துங்கள். அரைகுறை வைத்தியத்தில் துவாரத்தின் தோல் தடித்து அடைத்து, கடைசியில் துவாரத்தையே ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டிவந்த நாய்கள் உண்டு.

ஆறிய பிறகு வாரம் ஒருமுறை மடலைத் தூக்கி மோந்து பாருங்கள். குளிப்பாட்டினால், மழையில் நனைந்தால் காதைத் துடைத்துவிடுங்கள். சுத்தமான காதைத் தினமும் கழுவினால் அதுவே எரிச்சலைக் கிளப்பும்.

சாப்பாட்டு விஷயம் குறைந்தது 8 வாரம் பொறுமையாகச் செய்ய வேண்டியது. கோழி, மாட்டிறைச்சி, பால் இவை நாய்களுக்கு அடிக்கடி ஒத்துக்கொள்ளாதவை. டாக்டர் சொல்கிற உணவைத் தவிர வேறு எதுவும் வாயில் போகக் கூடாது. காது கழுவியதும் கொடுக்கிற தீனியும் அதிலிருந்துதான். தயிர்சோறு, பிஸ்கட், சுவை சேர்த்த பூச்சி மாத்திரைகூடக் கணக்கில் வரும். அம்மாவிடமும், கேட் வழியாக ஊட்டிவிடுகிற தெருப் பிள்ளைகளிடமும் இப்போதே சொல்லிவையுங்கள்.