காதல் நாவல் ஓடுகிறது, ஃபேன்டசி அறுபதாம் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

உவர்மலை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் இருக்கிறேன், பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே புத்தகம் இல்லாமல் படுத்தது குறைவு. ஆனால் சில மாதங்களாக வாசிப்பு அடியோடு நின்றுபோய்விட்டது.

காரணம் ஓரளவு தெரியும். போர்க்காலத்தைப் பற்றிய நாவல்களையும் நினைவுக்குறிப்புகளையும் இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்து வாசித்தேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அவை வெறும் கதை இல்லை. ஓர் ஊரின் பெயர் வந்தாலே தெரிந்த முகங்கள் கூடவே வந்துவிடும். அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கண் வரியில் போகும், மனம் எதையும் எடுக்காது. மூடி வைத்துவிட்டு போனை எடுப்பேன்.

அதனால் இந்த ஒரு மாதம் காதல் கதையும் ஃபேன்டசியும் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். பாதிப் பலன் கிடைத்தது. அம்மாவின் அலுமாரியில் இருந்த பழைய குடும்பக் காதல் நாவல்கள் வேகமாகவே ஓடின. ஒன்றை முடித்ததும் அடுத்ததை எடுக்கக் கை தானாகப் போனது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

ஃபேன்டசிதான் சிக்கல். தங்கச்சியின் மகன் ஆசையாகத் தந்த பெரிய ஆங்கிலப் புத்தகம். முன்னால் வரைபடம், பின்னால் சொற்பட்டியல், நடுவில் அரச குடும்பங்களின் வம்ச அட்டவணை. கதை பிடிக்காமல் இல்லை. முதல் அத்தியாயத்தில் ஒரு பெண் உறைந்த ஆற்றின் மேல் விளக்கோடு நடந்து வருவாள், அந்த இடத்தை இப்போதும் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் அறுபதாம் பக்கம் வரும்போது யார் யாருடைய மாமா என்றே தெரியாது. திரும்ப முதலிலிருந்து தொடங்குவேன், அதே இடத்தில் நிற்பேன்.

ஒரே தலைவலிக்கு ஒரு மாத்திரை கேட்கிறது, மற்றது ஏன் கேட்கவில்லை? இன்னொன்று, காதல் நாவல்களும் இப்போது ஒன்றுபோலவே தெரியத் தொடங்கிவிட்டன. எந்தக் கதாநாயகன் எந்தக் கதை என்று குழம்புகிறது. தொடரலாமா, விடலாமா?

நெய்தல்:

அக்கா, ஒரு கேள்வி. இரண்டையும் எப்போது, எங்கே வைத்து வாசிக்கிறீர்கள்? ஒரு தடவையில் எவ்வளவு நேரம்?

உவர்மலை டீச்சர்:

இரண்டும் இரவில்தான் தம்பி. சமையல், பிள்ளைகளின் கொப்பி திருத்தம், அடுத்த நாள் பாடக்குறிப்பு எல்லாம் முடித்து நுளம்பு வலைக்குள் போகப் பத்து மணி தாண்டிவிடும். பத்து, பதினைந்து நிமிடம். சில நாள் அதுவும் இல்லை.

மூதூர்க்காரன்:

டீச்சர், பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. ஃபேன்டசியிலும் இல்லை, உங்களிலும் இல்லை.

காதல் நாவலில் பத்துப் பக்கத்துக்குள் அந்த இரண்டு பேர் யார் என்று தெரிந்துவிடும். கடைசியில் சேருவார்கள் என்பதும் தெரியும். எப்படிச் சேருகிறார்கள் என்பது மட்டும்தான் மிச்சம். இடையில் மூன்று நாள் விட்டாலும் நூல் அறுந்து போகாது. அதோடு, உங்களைப் போலக் கனமானதை வாசித்து நொந்து போயிருக்கும் ஆளுக்கு, இந்தக் கதையில் யாரும் காணாமல் போகமாட்டார்கள், வீடு எரியாது என்ற உறுதியே பெரிய நிம்மதி. அந்த உறுதி இருப்பதால்தான் மனம் கதவைத் திறக்கிறது. காதல் நாவலை இலேசானது என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பெரிய ஃபேன்டசி முதல் ஐம்பது, அறுபது பக்கத்தில் உங்களிடமிருந்துதான் வாங்கும். ஊர் எப்படி, மந்திரத்துக்கு என்ன கட்டுப்பாடு, யார் யாருக்குப் பகை, இந்தப் பெயர் ஆளா இடமா, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் திருப்பித் தரத் தொடங்கும். பத்து நிமிடம் வாசித்துவிட்டு இரண்டு இரவு விட்டால், சேர்த்ததெல்லாம் கரைந்துவிடும். கொப்பி திருத்திக் களைத்த மூளைக்கு இன்னும் கஷ்டம். அதனால் திரும்ப முதலிலிருந்து வருகிறீர்கள், திரும்பவும் வாங்கும் பகுதியிலேயே நிற்கிறீர்கள். தரும் பகுதிக்கு நீங்கள் இன்னும் போகவே இல்லை.

அப்போ, இரவைக் காதல் நாவலுக்கே விட்டுவிடுங்கள். ஃபேன்டசியை ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறைக் காலையில் தொடங்குங்கள். இரண்டு மணி நேரம், போன் அடுத்த அறையில். அந்த அறுபது பக்கத்தை ஒரே இருப்பில் தாண்டினால் பிறகு இரவிலும் வாசிக்கலாம், ஏனென்றால் அப்போது ஆட்கள் தெரிந்த ஆட்களாகிவிடுவார்கள்.

பின்னால் இருக்கும் சொற்பட்டியலைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் கதையை விட்டு வெளியே வருகிறீர்கள். முக்கியமான சொல்லாக இருந்தால் கதையே திரும்பச் சொல்லித் தரும். பெயர்களுக்கு ஒரு அட்டைத் துண்டை அடையாளமாக வைத்து, அதிலேயே எழுதுங்கள். "ஒற்றைக் கண் கிழவன், படகு வைத்திருப்பவன்" என்ற மாதிரி. வம்ச அட்டவணை தேவையில்லை. நிறுத்தும்போது அத்தியாய முடிவில் நிறுத்தாமல், யாராவது கதவைத் தட்டும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த நாள் அந்தக் கதவே உங்களை இழுக்கும்.

கிண்ணியா வாசகி:

டீச்சர், மூதூர்க்காரன் சொன்னது முழுக்கச் சரி, ஆனால் அந்தப் பெரிய புத்தகத்தைக் கொஞ்ச நாள் அலுமாரியில் வைப்பதுதான் நல்லது என்பேன். வாசிப்புத் தேக்கத்தில் இருப்பவருக்குத் தலையணை அளவுப் புத்தகத்தோடு மல்லுக்கட்டு எதற்கு? ஃபேன்டசி என்றால் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்பது இப்போது வந்த பழக்கம். ஆயிரத்தொரு இரவுகளை எடுங்கள். காதலும் இருக்கிறது, ஜின்னும் இருக்கிறது, சின்னக் கதைகளும் நிறைய இருக்கின்றன. அடுத்த கதை கேட்பதற்காகவே ஓர் உயிரை ஒரு நாள் தள்ளிவைக்கிறார்கள் என்பதுதான் அதன் அடித்தளம், அதனால் எங்கே நிறுத்துவது என்று அந்தக் கதைகளுக்குத் தெரியும். நான் பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டித்தான் என் தேக்கத்திலிருந்து வெளியே வந்தேன். சத்தமாக வாசிக்கும்போது கண் மட்டும் தனியாக ஓடிப்போக முடியாது.

சல்லிக் கடற்கரை:

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். போரைப் பற்றிய புத்தகங்கள் மனதை வருத்தின என்று காதல் கதைக்குள் போவது தற்காலிகம்தான். பாதியில் விட்ட புத்தகம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதை முடித்தால்தான் தேக்கம் விடும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

கிண்ணியா வாசகி:

சகோதரம், உங்களுக்குச் சரி வந்திருக்கலாம். ஆனால் டீச்சர் அந்தப் புத்தகங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது ஏலாது என்கிறார். எங்கள் மாவட்டத்தில் போரும் கண்டோம், 2004இல் கடலும் கண்டோம். அவற்றைப் பற்றி வாசிப்பதற்கு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரம் வரும். கடனை அடைப்பது போல வாசிக்கச் சொல்லக்கூடாது.

சல்லிக் கடற்கரை:

அதையும் ஒத்துக்கொள்கிறேன். அவசரம் இல்லை டீச்சர்.

பழைய நூலகர்:

தங்கச்சி, இரண்டாவது கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. காதல் நாவல்கள் ஒன்றுபோலத் தெரிவதற்குக் காரணம், ஒரே அலுமாரியிலிருந்து எடுப்பது. அம்மா தனக்குப் பிடித்த ஒரு வகையைத்தான் சேர்த்திருப்பார், பெரும்பாலும் ஒரே காலத்தவை. காதலை விடவேண்டாம், களத்தை மாற்றுங்கள். காதலர்களுக்கு ஒரு தொழிலும் ஒரு நிலமும் இருக்கும் கதையாகப் பாருங்கள். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நெடுந்தீவில் நடக்கும் கதை. மீன்பிடிப் பருவத்துக்கு வாடி (கடற்கரைக் குடிசை) போட வருகிறவர்களும் ஊர்க்காரரும் அதில் வருகிறார்கள். காதலும் உண்டு, வலையும் காற்றும் உண்டு. 1978இல் படமாகவும் வந்தது. இந்தப் பக்கத்துப் பழைய நாவல்களை ‘நூலகம்’ இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள், இலவசம். ஸ்கான் செய்த பக்கம் போனில் சின்னதாகத் தெரியும். போனைப் படுக்கையாகத் திருப்பிப் பிடித்தால் வரி முழுதாக வரும்.

இன்னொன்றும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் ‘மோகனாங்கி’யை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை எங்கள் திருகோணமலைக்காரர். 1895இல் வந்தது. அது நாயக்கர் காலத்துக் காதல் கதை! காதல் நாவல் வாசிக்கிறேன் என்று திருகோணமலையில் யாரும் கூச்சப்படத் தேவையில்லை. ஆனால் அதன் நடை பழையது, தேக்கம் தீர்ந்த பிறகு எடுங்கள்.

ஃபேன்டசி உங்களுக்குப் புதிதும் இல்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும்போது இராவணன் வெட்டை எட்டிப் பார்த்துத்தானே வளர்ந்தோம். ஓர் அரசன் வாளால் மலையைப் பிளந்தான். அதை நம்ப எங்களுக்கு வரைபடமும் வேண்டியிருக்கவில்லை, வம்ச அட்டவணையும் வேண்டியிருக்கவில்லை. ஓர் ஆள், ஓர் அதிசயம். அப்படி எழுதிய புத்தகமாகத் தேடுங்கள்.

இரவு ரயில்:

ஐயா சொன்ன மாதிரியே ஒன்று இருக்கிறது. டீச்சருக்கு ஆங்கிலம் பரவாயில்லை என்பதால் சொல்கிறேன், அர்சுலா லெ குவின் எழுதிய எர்த்ஸீ வரிசை. முதல் புத்தகம் 1968இல் வந்தது. சின்னப் புத்தகம். முழுக்கத் தீவுகள், கடல், பாய்மரப் படகுகள். ஆடு மேய்க்கும் பெடியன் ஒருவன் மந்திரம் படிக்கப் போகிறான், ஆணவத்தில் தானே ஒரு நிழலை இந்த உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். பிறகு அந்த நிழலிடமிருந்து ஓடுகிறான். அவ்வளவுதான் கதை. ஒரே ஆள் பின்னால் போனால் போதும். வரைபடம் இருக்கிறது, பார்க்காமலே வாசிக்கலாம். காற்றை மந்திரத்தால் வரவழைத்துப் படகு விடும் இடங்களை, கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள் தனியாக ரசிப்போம். கொழும்பு ரயிலில்தான் வாசித்தேன், ஜன்னலுக்கு வெளியே இருட்டாக இருந்ததும் வசதியாகவே போய்விட்டது.

ஆங்கிலம் களைப்பாக இருந்தால் ‘பொன்னியின் செல்வன்’. ஃபேன்டசி இல்லை, ஆனால் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர், அத்தியாயங்கள் சின்னவை, ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு கொக்கி. கதையின் ஒரு பகுதி ஈழத்திலேயே நடக்கிறது. ஐந்து பாகம் என்று பயப்படாமல் முதல் பாகத்தை மட்டும் கையில் எடுங்கள்.

நெய்தல்:

அக்கா, மாதம் முடிவதற்குள் இத்தனை முடிக்க வேண்டும் என்று கணக்கு ஏதாவது வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடும் உரிமை இல்லாவிட்டால் அடுத்ததைத் தொடங்கவே பயம் வரும்.

உவர்மலை டீச்சர்:

எல்லோருக்கும் பதில் எழுதப் பிந்திவிட்டது, வாசித்துக்கொண்டிருந்தேன்!

இரவு ரயில் தம்பி சொன்ன எர்த்ஸீ முதல் புத்தகம் கூட வேலை செய்யும் ஒரு டீச்சரிடம் இருந்தது. போயா அன்று காலையில் தேத்தண்ணியோடு பின் திண்ணையில் இருந்தேன். மூதூர்க்காரன் சொன்னபடி போனை உள்ளே வைத்தேன். பழைய பரீட்சை நேரசூசி அட்டையை வெட்டிப் பெயர் எழுத எடுத்து வைத்தேன். இரண்டு பெயர் எழுதினேன், அதற்குப் பிறகு அட்டையைத் தொடவே இல்லை. பெடியன் முதன்முதலாக ஊருக்கு மேல் பனிமூட்டத்தை வரவழைத்து, வந்த படைவீரர்களை வழி தெரியாமல் தடுமாற வைக்கிறானே, அந்த இடத்தில் அடுப்பில் சோறு இருந்ததே மறந்துபோனது. மகள்தான் வந்து இறக்கினாள்.

அடுத்த இரவுகளில் பத்து, பதினைந்து நிமிடம்தான் கிடைத்தது. ஆனாலும் நூல் அறவில்லை. புத்தகத்தை முடித்துவிட்டேன். முடிவைப் பற்றி வாசிக்காதவர்களுக்காக ஒன்றும் சொல்லமாட்டேன், ஆனால் அவன் அந்த நிழலைத் திரும்பி நின்று துரத்தத் தொடங்கியதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என்னைப் போல ஓடிக் களைத்த ஆட்களுக்கு அந்தப் புத்தகம் நல்லது. கனமான விசயத்தைத்தான் சொல்கிறது, ஆனால் எங்கள் ஊரின் பெயர் அதில் இல்லை. அந்தத் தூரம் எனக்கு உதவியது.

பெரிய புத்தகம் அலுமாரியில் இருக்கிறது. பாடசாலை விடுமுறையில் எடுப்பேன் என்று தங்கச்சியின் மகனிடம் சொல்லிவிட்டேன், அவனும் சரி என்றான். ‘வாடைக்காற்று’ இப்போது போனில், படுக்கையாகத் திருப்பித்தான் வாசிக்கிறேன். காதல் நாவல்களையும் விடவில்லை, கொப்பி கனக்க இருக்கும் நாட்களுக்கு அவைதான்.

ஒரு உதவி வேண்டும். எர்த்ஸீயின் இரண்டாவது புத்தகம் இங்கே யாரிடமாவது இருக்கிறதா? இரவல் தந்தால் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

இரவு ரயில்:

என்னிடம் இருக்கிறது அக்கா. கோயிலில் வளரும் ஒரு பெண் பிள்ளையின் கதை, முதலாவதை விட எனக்கு இதுதான் பிடிக்கும். வெள்ளிக்கிழமை இரவு ஊருக்கு ரயில் ஏறுகிறேன், சனிக்கிழமை கொண்டு வந்து தரலாம். அட்டை கொஞ்சம் கிழிந்திருக்கிறது, பக்கங்கள் எல்லாம் சரி.

உவர்மலை டீச்சர்:

அட்டையை நான் ஒட்டித் தருகிறேன் தம்பி. சனிக்கிழமை பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன், வாங்கோ.