புகை வாசனை பெர்ஃப்யூம் ஏன் இப்படி இழுக்குது? குந்திரிக்க எண்ணெய்ல மட்டும் ஏன் புகையே இல்ல?

வாசனைப்பித்து_கோவை:
வணக்கம் மக்களே. தெரிஞ்சவங்ககிட்ட இருந்து காம் டே கார்சோன் கம்பெனியோட அவின்யோன் பெர்ஃப்யூம் ஒரு டிகான்ட் (பெரிய பாட்டில்ல இருந்து கொஞ்சமா பிரிச்சு ஊத்தினது) வாங்கினேன், அதுக்கப்புறம் வேற எந்த பாட்டிலையும் தொடவே தோணல. அடிச்ச உடனே ஜில்லுனு வருது, கொஞ்ச நேரத்துல பழைய கல் சர்ச்சுக்குள்ள பூசை முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் தங்கி நிக்குமே அந்தப் புகை, சாயங்காலம் வரைக்கும் சட்டைக் காலர்ல இருக்கு. கருகின மாதிரி, கசப்பா இருக்கிற ஒரு வாசனை எப்படிங்க இவ்ளோ பிடிக்குது? இன்னொண்ணு, இந்த ஆசையில, சர்ச்ல புகை போடற குந்திரிக்கப் பிசினோட எண்ணெய் வாங்கிப் பார்த்தா எலுமிச்சையும் மிளகும் கலந்து அடிக்குது, புகை துளிகூட இல்ல. கலப்படமா? ஆபீஸுக்குப் போட்டுட்டுப் போற மாதிரி வேற என்ன இருக்குன்னும் சொல்லுங்க.

பிசின்பிரியன்:
வாசனையை வச்சு மட்டும் கலப்படம்னு சொல்லிட முடியாதுங்க, நல்ல எண்ணெயே அப்படித்தான் இருக்கும். ஆவியில காய்ச்சி வடிக்கும்போது லேசான பொருள்கள்தான் மேல ஏறி வரும், ஆல்ஃபா பைனீன், லிமோனீன் இதெல்லாம். அதான் அந்த எலுமிச்சை வாசம். கனமான போஸ்வெல்லிக் அமிலமெல்லாம் கீழயே தங்கிடும். புகைங்கிறது நெருப்புல வச்சப்புறம் புதுசா பிறக்கிறது, அது எண்ணெய்ல எப்படி இருக்கும்? வீட்டுல கரி இருந்தா மேல சாம்பல் பூத்தப்புறம் ஒரே ஒரு சின்னத் துண்டு குந்திரிக்கம் வச்சுப் பாருங்க, முதல் சில நொடி அதே எலுமிச்சை, பைன் வாசம் வரும், பிசின் உருகிக் குமிழ் விட்டதும் சர்ச் வாசம், ஓரம் கருக ஆரம்பிச்சா தொண்டையைக் கமறும். அந்த நடு கட்டத்தைத்தான் பெர்ஃப்யூமர்கள் பிடிக்கப் பார்க்கிறாங்க. அந்த சர்ச் வாசத்துக்கு முக்கிய காரணமான ரெண்டு அமிலத்தை 2016ல தான் பிரான்ஸ்ல நீஸ் நகரத்துல பால்டோவினி குழு பிரிச்சு எடுத்துச்சு, ஒலிபானிக் அமிலம்னு பேரு வச்சாங்க. இத்தனை ஆயிரம் வருஷமா எரிக்கிற பொருள்ங்க அது!

கருகின புகை வேணும்னா பர்ச் மரப்பட்டையில காத்துப் படாம சூடு பண்ணி எடுக்கிற தார், இல்லேன்னா ஜூனிபர் மரத்துல இருந்து எடுக்கிற கேட் (cade) எண்ணெய் சேர்ப்பாங்க. ரஷ்யன் லெதர் வாசம்னு சொல்றதுக்கு ஆதாரமே இந்த பர்ச் தார்தான்.

மதுரை_மரிக்கொழுந்து:
சூப்பரா சொன்னீங்க அண்ணா. ஒண்ணு சேர்த்துக்கிறேன், நம்ம வீட்ல போடற சாம்பிராணி வேற, குந்திரிக்கம் வேற. சாம்பிராணி ஸ்டைராக்ஸ் மரத்துப் பிசின், சுமத்ரா, லாவோஸ் பக்கம் இருந்து வர்றது. பெர்ஃப்யூம்காரங்க பென்சாயின்னு சொல்லுவாங்க. அதுலயும் லாவோஸ் வகையில வெனிலின் இருக்கிறதால பாட்டிலுக்குள்ள வந்தா புகைய விட வெனிலா இனிப்புதான் தூக்கலா தெரியும். 1925ல வந்த கெர்லான் ஷாலிமார்ல அந்த இனிப்பை நல்லா உணரலாம்.

ஏன் பிடிக்குதுன்னு கேட்டீங்களே, என்னைக் கேட்டா அந்தக் கசப்புதான் காரணம். கத்திரிக்காயை நெருப்புல சுடாம வேகவச்சு கொத்சு பண்ணினா சப்புனு இருக்கும்ல, அப்படித்தான் வெறும் பூவும் பழமும் எனக்கு. இன்னொரு விஷயம், பிசின்ல கனமான மூலக்கூறு நிறைய இருக்கு, அது சீக்கிரம் ஆவியாகாது, அதனால எலுமிச்சை ஆரஞ்சு மாதிரி ஓடிப்போகாம மணிக்கணக்கா தோல்லயே மெல்ல மாறிட்டே இருக்கும், அந்த மாற்றத்தை மோந்துட்டே இருக்கத்தான் நான் இதெல்லாம் போடறேன்.

அத்தர்_ரசிகன்:
ஆபீஸுக்குன்னா அவின்யோன் வந்த அதே 2002 வரிசையில கியோட்டோ பாருங்க, ரெண்டுமே பெர்ட்ரான் டுஷோஃபூர் செஞ்சது. அதுல புகை அடங்கி, சைப்ரஸும் வெட்டிவேரும் முன்னாடி நிக்கும், ஏசி ரூம்ல பக்கத்து சீட்காரங்க முகம் சுளிக்க மாட்டாங்க. ஆண்டி டாவர்ங்கிற பெர்ஃப்யூமரோட லேர் டு டெசெர் மரோகன் அபாரம், ஆனா ஒரு ஸ்ப்ரேக்கு மேல வேணாம். காசு கம்மியா வேணும்னா நாகர்மோத்தா அத்தர், நம்ம கோரைக்கிழங்கு குடும்பம்தான், மண்ணும் புகையும் கலந்த வாசம், எனக்கு ரொம்ப இஷ்டம்.

பர்ச் தார், கேட் எண்ணெய் சுத்திகரிக்காததை வாங்கி நீங்களே கலந்து தோல்ல பூசிடாதீங்க. புற்றுநோய் தரக்கூடிய ஹைட்ரோகார்பன் அதுல இருக்கிறதால சுத்திகரிச்சதை மட்டும்தான் பெர்ஃப்யூம்ல சேர்க்கணும்னு இஃப்ரா (சர்வதேச வாசனைப் பொருள் சங்கம்) விதியே இருக்கு.

வாசனைப்பித்து_கோவை:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும்! கியோட்டோ சாம்பிள் தேடறேன். அப்போ பிசின் வாசம் முழுசா இருக்கிற மாதிரி எண்ணெய் கிடைக்கவே கிடைக்காதா?

பிசின்பிரியன்:
கிடைக்கும், சிஓ2 எக்ஸ்ட்ராக்ட்னு (அழுத்தத்துல வச்ச கார்பன் டை ஆக்சைடால பிரிச்சு எடுக்கிறது) கேட்டு வாங்குங்க, கொதிக்க வைக்காம எடுக்கிறதால கனமான பொருளும் கொஞ்சம் கூடவே வரும், பிசினைக் கையில தேய்ச்சு மோந்தா வர்ற வாசத்துக்கு கிட்ட இருக்கும். விலை அதிகம்தான். வாங்கும்போது எந்த மரம்னும் பாருங்க, எத்தியோப்பியா பக்கத்து போஸ்வெல்லியா பாபிரிஃபெராங்கிற குந்திரிக்க மரக் காடுகள்ல புது கன்னுங்க பெருசாகி வர்றதே இல்ல, 20 வருஷத்துல விளைச்சல் பாதியாயிடும்னு 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு. நம்ம நாட்டு குந்திரிக்க மரமான போஸ்வெல்லியா செர்ராட்டா எண்ணெயும் நல்லாவே இருக்கும், நான் இப்போ அதைத்தான் வாங்கறேன்.