அம்மாவின் முழங்கால்: சென்னையா, யாழ்ப்பாணமா?

கோண்டாவில் குமரன்:
அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, மூட்டு மாற்றச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் இலவசம், ஆனால் காத்திருக்க வேண்டும். கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரி கேட்கும் காசு எங்களுக்கு எட்டாது. கனடாவில் இருக்கும் அண்ணா சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

ரொறொன்ரோ ரவி:
யோசிக்காமல் சென்னை. கனடாவிலும் இலவசம்தான், மூட்டு மாற்ற மாதக்கணக்கில் வரிசை. என் மாமியார் சென்னையில்தான் செய்தார், இப்போது கோயில் படி ஏறுகிறார். அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் வருடம் முழுக்க மூட்டு மட்டுமே மாற்றும் நிபுணர்கள் இருக்கிறார்கள். 2017இல் இந்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்ச விலையும் வைத்துவிட்டது. கொழும்புக்கு பஸ்ஸில் போகிற நேரத்துக்குள் பலாலியில் விமானம் ஏறி சென்னையில் இறங்கிவிடலாம்.

வடமராட்சி வாணி:
ரவி அண்ணா, உச்ச விலை மூட்டுக்கு மட்டும்தான். நிபுணரின் கட்டணம், அறை வாடகை, வெளிநாட்டு நோயாளிக்கென்று போடும் பேக்கேஜ், இவற்றுக்கெல்லாம் உச்சம் கிடையாது. ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டின் கமிஷனும் கடைசியில் நோயாளி தலையில்தான் விடியும்.

நான் பிசியோதெரபிஸ்ட். சென்னை டொக்டர்களின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பயப்படுவது அதற்குப் பிறகு வரும் வாரங்களுக்கு. கட்டில் ஓரத்தில் இருத்தி, குதிக்காலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுக்க வைக்க வேண்டும். நோவில் அழுவார்கள். "நாளைக்குச் செய்வோம் பிள்ளை" என்பார்கள். விட்டால் மூட்டு உள்ளே இறுகிவிடும். அங்கே செய்துகொண்டு அவசரமாகத் திரும்பிய ஒரு அம்மா என்னிடம் வந்தார். தழும்பு அவ்வளவு நேர்த்தி, ஆனால் கால் 60 பாகைக்கு மேல் மடங்கவில்லை. கதிரையில் இருந்து எழும்ப ஒருவர் கை கொடுக்க வேண்டும். நாலு மாதம் கழித்துக் கால் வீங்கினால் யாரிடம் காட்டுவீர்கள்? வட்ஸ்அப்பில் படம் அனுப்பியா?

சூளைமேடு செவிலி:
வாணி, அது சீக்கிரம் கிளம்பினதால் வந்த வினை. அதற்குச் சென்னை என்ன செய்யும்? மூட்டு மாற்றினால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, அதனால் விமானம் ஏற அவசரப்படக் கூடாதென்று நாங்களே சொல்லித்தான் அனுப்புகிறோம். இங்கே ஆஸ்பத்திரி இருக்கும் கிரீம்ஸ் ரோடு பக்கத்துச் சந்துகளில் சமையலறையோடு அறைகள் இருக்கின்றன. வங்கதேசத்துக் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, பிசியோ முடித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

குமரன் தம்பி, மெடிக்கல் விசாவில் வாங்க. கூட வரும் இரண்டு பேருக்கும் உதவியாளர் விசா கிடைக்கும். ஏஜென்ட் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கே நேரடியாக எழுதுங்கள். அப்புறம், டிஸ்சார்ஜ் சம்மரியோடு மூட்டின் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி, அளவு, எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் லாட் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். நாளைக்கு யாழ்ப்பாணத்தில் யார் பார்த்தாலும் அது இல்லாமல் திணறிப்போவார்கள்.

ரொறொன்ரோ ரவி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். தங்கிச் செய்யட்டும், வெளிநாட்டில் இருக்கும் நாங்கள்தானே காசு அனுப்புவோம்.

வடமராட்சி வாணி:
சரி, தங்கட்டும். அந்த அறை வாடகை, மூன்று பேரின் சாப்பாடு, கூடப் போகிறவரின் சம்பள இழப்பு, இத்தனையையும் கூட்டிவிட்டுக் கொழும்புக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். குமரனின் அண்ணா அனுப்புவதும் உழைத்த காசுதானே. இங்கே யாழ்ப்பாணத்தில் செய்தால் நிபுணரை கிளினிக்கில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம், மூட்டு இருக்கும் காலம் முழுக்க.

கோண்டாவில் குமரன்:
அடுத்த கிளினிக்கில் திகதியைத் தெளிவாகக் கேட்கிறேன். இந்த வருடத்துக்குள் கிடைத்தால் இங்கேயே செய்வோம். சூளைமேடு அக்கா, அந்த அறைகளுக்கு மாத வாடகை எவ்வளவு வரும்? கீழ்த்தளத்தில் கிடைக்குமா? அம்மாவால் இப்போது ஒரு படிகூட ஏற முடியாது.